வளையத்தின் உயரம் குறைவதில்லை

சக்கர நாற்காலிக் கூடைப்பந்திலும் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நின்று ஆடுகிறவர்களுக்கு எந்த அளவோ, அமர்ந்து ஆடுகிறவர்களுக்கும் அதே அளவு. ஆடுகளம் அதே 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அணிக்கு அதே ஐந்து பேர். பத்துப் பத்து நிமிடங்களாக அதே நான்கு பகுதிகள். பந்து கைக்கு வந்த அணி 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற அதே கட்டாயம். இவற்றில் எதிலும் சலுகை கிடையாது. காரைக்குடியில் நடந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தவர்களில் பலர் இதை நம்பவில்லை. கம்பத்தைச் சற்று இறக்கி நட்டிருக்கிறார்களா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கான பதிலிலிருந்தே இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது சரியென்று எனக்குத் தோன்றுகிறது.

அண்மையில் எங்கள் ஊரில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்துத் திடலில் நன்கொடை திரட்டுவதற்காக நடந்த நிகழ்ச்சி அது. முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், இளம்பிள்ளைவாதத்தால் கால் வலுவிழந்தவர்கள், விபத்தில் காலை இழந்தவர்கள் என்று இந்த வட்டாரத்தில் வாழும் இளைஞர்களுக்கு விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட நாற்காலிகள் வாங்கித் தருவது அதன் நோக்கம். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நன்கு பழகிய ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். கல்லல், புதுவயல், தேவகோட்டைப் பக்கங்களிலிருந்து இப்போதுதான் பழகத் தொடங்கியிருப்பவர்களும் வந்திருந்தார்கள். முதலில் அவர்களுக்குள் ஒரு ஆட்டம், பிறகு நன்கொடை தந்தவர்களில் விருப்பமுள்ளோருக்குப் பயிற்சி, கடைசியாக இரு தரப்பும் கலந்த ஒரு போட்டி என்று நிகழ்ச்சியை வகுத்திருந்தார்கள். கல்லூரி நாட்களில் கூடைப்பந்து அணியில் ஆடியவள் என்பதால், அங்கே பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றும் என் தோழி என் பெயரையும் சேர்த்துவிட்டாள்.

எல்லாம் விடிந்த கையோடு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கப்பட்டன. அதற்குக் காரணம் உண்டு. தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே உள்ள உடற்பகுதி சரியாக வியர்ப்பதில்லை. வியர்வை இல்லாதபோது உடலின் சூடு தணிய வழியில்லை. நம் ஊர் வெயிலில் சற்று நேரம் விரைந்து ஆடினாலே அவர்களுடைய உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு இடைவேளையிலும் தோழி நீர் தெளிக்கும் புட்டியோடு சென்று, அவர்களுடைய முகத்திலும் கழுத்திலும் கையிலும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தாள். வேண்டியவர்களுக்கு ஈரத்துண்டும் கொடுத்தாள். கோடையில் ஊருக்கு ஊர் விளையாட்டுப் போட்டி வைப்பவர்கள் இந்த ஒரு செய்தியையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நாற்காலியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. மருத்துவமனைகளில் நாம் பார்க்கும் நாற்காலி, நோயாளியை வேறொருவர் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டது. அதற்குப் பின்னால் கைப்பிடி உண்டு, மடக்கி வைக்க வசதி உண்டு, இருபுறமும் கை வைத்துக்கொள்ளும் சட்டம் உண்டு. விளையாட்டு நாற்காலியில் இவை எதுவும் இல்லை. பிரேக்கும் இல்லை. மடங்காத ஒரே சட்டகம். இடுப்பை ஒட்டிப் பிடிக்கும் சிறிய இருக்கை. முன்னால் காலடியைச் சுற்றி மோதலைத் தாங்கும் குழாய். பின்னால் சாய்ந்து கவிழாமல் காக்கும் சின்னச் சக்கரம். பெரிய சக்கரங்கள் இரண்டும் செங்குத்தாக நிற்பதில்லை. மேற்பகுதி உடலை நோக்கிச் சாய்ந்தும், தரையைத் தொடும் பகுதி வெளியே விரிந்தும் இருக்கின்றன. இந்தச் சாய்வினால் நாற்காலி பக்கவாட்டில் எளிதில் கவிழ்வதில்லை, சட்டென்று திரும்புகிறது. இரண்டு நாற்காலிகள் பக்கவாட்டில் உரசும்போது சக்கரங்களின் அடிப்பகுதிகளே முதலில் மோதிக்கொள்வதால் விரல்களும் தப்புகின்றன.

"உட்காருங்கக்கா, முதல்ல பெல்ட்ட நல்லா இறுக்கிக்கங்க" என்றார் எனக்குப் பழக்கித்தந்த இளைஞர். மடியின் குறுக்கே ஒன்று, முழங்காலுக்கருகே ஒன்று, பாதத்தைச் சேர்த்து ஒன்று என்று வார்களைக் கட்டினார்கள். கட்டிய பிறகுதான் அதன் பயன் தெரிந்தது. இடுப்பை இலேசாக இடப்பக்கம் அசைத்தால் நாற்காலியும் அசைகிறது. உடம்புக்கும் இருக்கைக்கும் இடையில் தளர்வே இல்லாமல் போய்விடுகிறது. இந்த ஆட்டத்தின் விதிகளும் இதையே சொல்கின்றன. நாற்காலி ஆட்டக்காரரின் உடலின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படுகிறது. ஒருவருடைய நாற்காலியைத் தவறான முறையில் இடித்தால் அவரையே இடித்ததாகக் கொண்டு நடுவர் ஃபவுல் கொடுக்கிறார்.

தள்ளுவதற்கு, பெரிய சக்கரத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும் உலோக வளையத்தைப் பிடிக்க வேண்டும். கைகளைச் சற்றுப் பின்னே கொண்டுபோய், சக்கரத்தின் உச்சியைக் கடந்து முன்பக்கம் வரை நீளமாகத் தள்ளிவிட்டு, உடனே கையை எடுத்துவிட வேண்டும். குறுகிய தள்ளல்களால் கை சோர்ந்துபோகுமே தவிர வேகம் வராது. நிற்க வேண்டுமென்றால் அதே வளையத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேகமாக வரும்போது பிடித்தால் உள்ளங்கை பொசுங்குகிற சூடு. திரும்புவதுதான் அழகு. தேர் மூலை திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு மறுபக்கத்தை இழுக்கவிடுவார்களே, அதே முறையில் ஒரு கையால் ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் நாற்காலி அந்தப் பக்கமாகச் சுழன்று திரும்புகிறது. பழகியவர்கள் முழு வேகத்தில் வந்து இதைச் செய்கிறார்கள். நான் மெதுவாகச் செய்து பழகினேன், கொஞ்ச நேரத்தில் தோள்பட்டையின் பின்புறம் கனக்கத் தொடங்கியது.

திடலின் ஓரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நம் செம்மண் காற்றில் வந்து சிமெண்டுத் தரையில் படிந்துவிடுகிறது. முன்புறம் உள்ள சிறு சக்கரங்கள் அந்தத் தூசியில் சிக்கி, நாற்காலியைக் கோணலாக இழுக்கின்றன. ஆட்டம் தொடங்குமுன் மாணவர்கள் முழுத் திடலையும் துடைப்பத்தால் பெருக்கி, மறுபடியும் ஈரத்துணியால் துடைத்தார்கள். ஓடி ஆடும் எங்கள் நாட்களில் அந்த மண் காலணிக்கடியில் நெருடியதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

பிறகு பந்து. இரண்டு கைகளும் சக்கரத்துக்கு வேண்டியிருக்கும்போது பந்தை எங்கே வைப்பது? மடியில் வைக்கலாம். ஆனால் மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்து இரண்டு முறைதான் தள்ளலாம். அதற்குள் பந்தைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது யாருக்காவது கொடுக்க வேண்டும், அல்லது எறிய வேண்டும். மூன்றாவது முறை தள்ளினால் டிராவலிங் என்று விசில் ஊதிவிடுவார்கள். நின்று ஆடும் கூடைப்பந்தில் தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிட்டால் மறுபடியும் தட்டக்கூடாது. டபுள் டிரிப்பிள் என்ற அந்தத் தடை இங்கே கிடையாது. எனவே மடி, இரண்டு தள்ளல், ஒரு தட்டு, மீண்டும் மடி என்று ஒரு தாளம் உருவாகிறது. அந்தத் தாளம் கைவந்துவிட்டால் ஆட்டம் திறந்துகொள்கிறது. தரையில் உருளும் பந்தை எடுப்பதற்கு ஒரு நுட்பம் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்காலி நகர்ந்துகொண்டிருக்கும்போதே பந்தை ஒரு கையால் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தினால், சுழலும் சக்கரமே பந்தை மேலே ஏற்றி மடிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். உடலைக் குனிந்து நிமிர்த்த வலுவில்லாதவர்களும் இப்படித் தாமாகவே பந்தை எடுத்துவிட முடியும் என்பதுதான் இதன் சிறப்பு.

வளையத்துக்கு எறிவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லூரியில் ஆடியபோது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்கு ஈடாக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு, எனக்குக் கைவந்த வேலை. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தள்ளியுள்ள கோட்டில் நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலைத் தூக்கி, அந்த உந்துதல் இடுப்பு வழியாகத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஏறி வரும்படி எறிவோம். எறிவது கை என்றாலும் அதற்கான வலு காலில் பிறக்கிறது. நாற்காலியில் அமர்ந்து அதே கோட்டிலிருந்து எறிந்தபோது பந்து வளையத்துக்கு வெகு முன்னாலேயே இறங்கியது. தலை தாழ்ந்திருப்பதால் வளையம் இன்னும் உயரத்தில் தெரிகிறது. கால் தந்த வலுவோ இல்லை. நாற்காலியை மெல்ல முன்னே உருளவிட்டு அந்த நகர்வோடு சேர்த்து எறியவும், வளைவை உயரமாக வைக்கவும், பலகையில் வரைந்திருக்கும் சதுரத்தைக் குறிவைக்கவும் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். ஃப்ரீ த்ரோ எறியும்போது முன் சிறு சக்கரங்கள் கோட்டைத் தாண்டியிருக்கலாம், பெரிய சக்கரங்கள்தான் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதையும் காட்டினார். வளையத்துக்கு அருகிலிருந்து பலகையில் பட்டு விழும்படி எறிந்தவை சில உள்ளே விழுந்தன. மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவர், அமர்ந்த நிலையிலேயே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து, வளையத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் பந்தை இறக்கினார். கூடைப்பந்து ஆடியவர்களுக்கு மட்டுமே அந்த ஒரு எறிதலின் விலை முழுதாகத் தெரியும். அவருடைய தோளும் மணிக்கட்டும் எத்தனை ஆண்டு உழைத்திருக்கும் என்பதை நான் அந்த நேரத்தில் என் தோள்வலியைக் கொண்டு அளந்தேன்.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த செய்திக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 1.0 முதல் 4.5 வரை, அரைப் புள்ளி இடைவெளியில் ஒரு எண் வழங்கப்படுகிறது. ஆட்டத்தில் உடலை எந்த அளவுக்கு இயக்க முடிகிறது, குறிப்பாக முண்டப்பகுதியை எந்தெந்தத் திசைகளில் சாய்த்து நிமிர்த்த முடிகிறது என்பதை வைத்து அந்த எண்ணை முடிவுசெய்கிறார்கள். முன்னேயும் பக்கவாட்டிலும் தடையின்றிச் சாய்ந்து நிமிர முடிகிறவருக்கு 4.5, முண்டத்தில் கட்டுப்பாடே இல்லாமல், சாய்ந்தால் கையூன்றித்தான் நிமிர முடிகிறவருக்கு 1.0. பன்னாட்டுப் போட்டிகளில் களத்தில் இருக்கும் ஐந்து பேருடைய எண்களின் கூட்டுத்தொகை எந்த நேரத்திலும் 14-ஐத் தாண்டக்கூடாது. வலுவான ஐந்து பேரை இறக்கினால் 22.5 ஆகிவிடும். ஆகவே 4.5 உள்ள ஒருவரைக் களத்தில் வைத்திருக்க வேண்டுமானால் குறைந்த எண் உள்ளவர்களும் களத்தில் இருந்தாக வேண்டும்.

எங்கள் கலப்புப் போட்டியிலும் இந்தக் கணக்கையே பின்பற்றினார்கள். நடக்க முடிகிறவள் என்பதால் எனக்கு 4.5. மீதமிருந்த 9.5-இல் நான்கு பேர்: 3.0 உள்ளவர்கள் இருவர், 2.5 உள்ள ஒருவர், 1.0 உள்ள ஒருவர். அந்த 1.0 ஆட்டக்காரர் எங்கள் வட்டாரத்தவர். வண்ணப்பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர். மார்புக்குக் கீழே அவருக்கு உணர்வும் இல்லை, இயக்கமும் இல்லை. அவருடைய இருக்கை பின்பக்கம் தாழ்ந்து, முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும்படி அமைந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் உடல் பொருந்தி நின்றால்தான் கைகள் இரண்டையும் விடுவித்து ஆட முடியும். ஒரு கையை உயர்த்திப் பந்தைப் பிடிக்கும்போது மறு கையால் சக்கரத்தைப் பற்றிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்குமுன் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க பந்தப் பாக்காதீங்கக்கா, என் முதுகப் பாத்துக்கிட்டே பின்னால வாங்க. நான் போய் நின்ன பிறகு என்னைச் சுத்தி உள்ள போயிருங்க."

அதன் பொருளைக் களத்தில் புரிந்துகொண்டேன். நாற்காலிக்குப் பக்கவாட்டில் நகர வழியில்லை. நின்று ஆடும் ஆட்டத்தில் என் முன்னே ஒருவர் வந்து மறித்தால், அரை அடி விலகி உடம்பைச் சாய்த்துக்கொண்டு நான் கடந்துவிடுவேன். நாற்காலியிலோ மறிக்கப்பட்டவர் முதலில் பின்னே போக வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், பிறகு சுற்றி வர வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று வினாடிகள் கழிந்துவிடுகின்றன. வளையத்தருகே அது மிக நீண்ட நேரம். அவர் செய்ததெல்லாம் எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் எந்த வழியாக வருவார் என்று முன்கூட்டியே கணித்து, அந்த வழியில் தன் நாற்காலியைச் சரியான கோணத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான். தோள்வலுவில் அவரைப்போல இரண்டு மடங்கு உள்ளவர் அவரைக் கடந்து வர முடியாமல் நின்றார். நான் அவருடைய முதுகைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கும் வளையத்துக்கும் நடுவே யாரும் இல்லை. பந்து வந்தது, பலகையில் அடித்தேன், உள்ளே விழுந்தது.

இன்னொரு முறை அவர் அதைவிட நுட்பமான ஒன்றைச் செய்தார். எதிரணி எறிந்த பந்து தவறி எங்கள் கைக்கு வந்தவுடன், எல்லோரும் எங்கள் வளையப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விரைந்தபோது, அவர் மட்டும் விரையாமல், எதிரணியின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு முன்னால் போய் நின்று, அவரைத் திரும்பிப் போகவிடாமல் பின்னிலேயே நிறுத்திவைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் நாங்கள் நான்கு பேர், தடுப்பதற்கு நான்கு பேர். ஆனால் அவர்களில் வல்லவர் இல்லை. பந்தைத் தொடாமல், வளையத்தின் பக்கமே வராமல், அவர் எங்களுக்கு இரண்டு புள்ளிகள் ஈட்டித் தந்தார். கைதட்டல் எறிந்தவருக்குப் போயிற்று. பார்க்கப் பழகாத கண்ணுக்கு அவர் ஆட்டத்தில் பின்தங்கிவிட்டவராகத்தான் தெரிந்திருப்பார். அடுத்தமுறை இந்த ஆட்டத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு, பந்தில்லாத ஆட்டக்காரர்களின் நாற்காலிகள் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள். ஆட்டம் அங்கேதான் நடக்கிறது.

மற்ற விளையாட்டுகளில் உடல் வலு குறைந்தவரை அணியில் சேர்ப்பதென்றால் பெரும்பாலும் அது பெருந்தன்மையாகப் பேசப்படும். இங்கே அவர் இல்லாமல் வலுவானவர்கள் களத்தில் கால்வைக்கவே முடியாது. கூட்டுத்தொகை அவர்களை வெளியே உட்காரவைத்துவிடும். விதியை வகுத்தவர்கள் இதைத் தெரிந்தேதான் வகுத்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது அவர்கள்மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டாகிறது.

நடுவில் ஒருவர் மோதலில் நாற்காலியோடு பக்கவாட்டில் கவிழ்ந்தார். பார்வையாளர் பக்கத்திலிருந்து "ஐயோ பாவம்" என்ற குரல்கள் எழுந்தன, சிலர் தூக்கிவிட ஓடிவந்தார்கள். பயிற்சியாளர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். விழுந்தவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் நாற்காலியை உந்தி, வார் கட்டிய உடலோடு தாமே எழுந்துகொண்டு ஆட்டத்தில் சேர்ந்தார். 1.0 உள்ளவர்கள் விழுந்தால் அப்படித் தாமாக எழுவது கடினம். அப்போது நடுவர் ஆட்டத்தை நிறுத்தி உதவிக்கு ஆளை அழைப்பார். எப்போது ஓடிவர வேண்டும், எப்போது இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை ஆட்டத்தின் ஒழுங்கே முடிவுசெய்கிறது. வெளியிலும் யாருடைய நாற்காலியையும் கேட்காமல் பிடித்துத் தள்ளக்கூடாது என்று தோழி அடிக்கடி சொல்வாள். வாரால் கட்டப்பட்டு அமர்ந்திருந்தபோது யாரோ அன்பு மிகுதியால் பின்னாலிருந்து என்னைத் தள்ளிவிட்டார்கள், அந்தக் கணத்தில் அவள் சொன்னது உடம்புக்கே உறைத்தது.

ஆட்டத்தின் வரலாற்றைப் பயிற்சியாளர் சுருக்கமாகச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்கள், 1940-களின் நடுவில், மருத்துவமனைகளில் இதை ஆடத் தொடங்கினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், படுக்கையிலேயே கிடந்து புண்ணாகி இறந்துகொண்டிருந்த நோயாளிகளுக்கு விளையாட்டை மருத்துவமாகக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவர்களுக்கென்று ஒரு போட்டியை நடத்தினார். அதுவே வளர்ந்து 1960-இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் ஆனபோது கூடைப்பந்தும் அதில் இடம்பெற்றது. நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு தொடர்ச்சி உண்டு. 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகவும் அவரே காரணம். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்தவர். இன்று இந்தியாவில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தை நடத்திவரும் கூட்டமைப்பு சென்னையிலிருந்துதான் இயங்குகிறது. அதை உருவாக்கிய மாதவி லதா தாமும் சக்கர நாற்காலியில் இயங்குகிறவர், நீச்சல் வீராங்கனை.

போட்டி முடிந்ததும் மர நிழலில் அமர்ந்து சாப்பிட்டோம். அப்போது பேச்சு வீடுகளைப் பற்றிப் போயிற்று. செட்டிநாட்டு வீட்டுக்குள் போவதற்கு முதலில் தெருவிலிருந்து உயர்ந்து நிற்கும் முகப்பின் படிகளை ஏற வேண்டும், பிறகு நிலைவாசல், அதற்கப்பால் வளவு, அடுத்தடுத்த கட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைப்படி. எங்கள் அணியின் 1.0 அண்ணன் விபத்துக்கு முன் இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு வண்ணம் பூசியவர். "சக்கரத்துக்கு ஆத்தங்குடிக் கல்லு மாதிரித் தரை வேற கிடையாதுங்க, வழவழன்னு ஓடும். ஆனா நான் இப்ப தெருவுல இருந்துதான் பாக்க முடியும்" என்றார். சாய்தளம் அமைக்கும் விதி ஒன்று உண்டு: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். மூன்றடி உயர முகப்புக்கு முப்பத்தாறு அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும். குறுகிய தெருவில் அதற்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் நம்முடையவை. பக்கவாட்டுச் சந்திலோ பின்வாசல் பக்கத்திலோ மடித்து அமைத்தால் இடம் கிடைக்கும் வீடுகளை எங்கள் தெருவிலேயே என்னால் காட்ட முடியும். இப்போது இந்த வீடுகள் பலவும் திருமணத்துக்கும் விருந்துக்கும் தங்குவதற்கும் திறந்துவிடப்படுகின்றன. புதுப்பிக்கும்போதே ஒரு வாசலையாவது சக்கரத்துக்கு ஏற்றபடி அமைத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தொழிலில் வரும் பணத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயிலும் பாடசாலையும் நடத்தியவர்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த மனத்தோடு கொடுக்கிறவர்களிடம், விளையாட்டு நாற்காலிக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரே அளவில் பத்து நாற்காலிகள் வாங்கி மேடையில் வரிசையாக நிறுத்திக் கொடுப்பதைவிட, ஐந்து பேருடைய இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலின் உயரம் ஆகியவற்றை அளந்து அவரவருக்கென்று செய்து கொடுப்பது மேலானது. பொருந்தாத இருக்கையில் உணர்வற்ற தோல் உராய்ந்தால் வலி தெரியாது. தெரியாமலே புண் ஆழமாகி, மாதக்கணக்கில் படுக்கையில் தள்ளிவிடும். இருக்கைக்கு மேலே போடும் மெத்தை, டியூப், டயர், சிறு சக்கரங்களின் பேரிங் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் செலவு உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் சில காலை வேளைகளிலாவது தூசியில்லாத, சமமான திடல் ஒன்று அவர்களுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அருகிலேயே நாற்காலி நுழையும் அகலத்தில் கதவுள்ள கழிப்பறையும் வேண்டும். கழிப்பறை இல்லாததால் பயிற்சிக்கு வரும் நாளில் தண்ணீரே குடிக்காமல் வருகிறேன் என்று ஒரு பெண் ஆட்டக்காரர் என்னிடம் சொன்னார். வெயிலையும் வியர்வையையும் பற்றி மேலே எழுதியதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் அதன் தீவிரம் விளங்கும்.

அவரோடு சேர்த்து எங்கள் பக்கத்தில் இப்போது பெண்கள் மிகச் சிலரே ஆடுகிறார்கள். பெண்களுக்குத் தனி அணி அமைக்க ஆள் போதவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ தண்டுவடக் காயத்தோடோ இளம்பிள்ளைவாதத்தின் பாதிப்போடோ இருக்கும் பெண்கள் இருந்தால், ஒரு நாள் திடலுக்கு அழைத்து வாருங்கள், ஆட வேண்டுமென்ற கட்டாயமில்லை. முதல் நாள் வருகிறவர்கள் சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும் என்பதால் சுடிதாரிலோ டிராக் பேண்டிலோ வாருங்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். அன்றாடம் பயன்படுத்தும் மெத்தையை உடன் கொண்டுவாருங்கள். மருத்துவமனை நாற்காலியிலேயே வந்தாலும் போதும். விளையாட்டு நாற்காலி அங்கே இருக்கிறது.